ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி: நெய்வேலியில் மின்சாரம் தயாராவது எப்படி?

பண்ருட்டியில் இருந்து வடலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், நெய்வேலியை நெருங்கும்போது வானத்தில் வெள்ளையாக ஏதோ எழும்புவது தெரியும். "எவ்வளவு புகை பாரு" என்று பக்கத்து சீட்டில் யாராவது சொல்வார்கள். ஆனால் இடுப்பு ஒடுங்கிய அந்தக் குண்டு கோபுரங்களில் இருந்து வருவது புகை இல்லை, நீராவி. புகை வெளியேறும் வழி, பக்கத்தில் நிற்கும் ஒல்லியான உயரப் புகைபோக்கி.

அப்படின்னா அந்த நீராவி எதுக்கு? பூமிக்கு அடியில் இருந்து எடுக்கும் கரி, நம்ம வீட்டு ஃபேனைச் சுற்றும் கரன்ட்டாக மாறுவது எப்படி? அதற்காக இந்த மாவட்டம் தருவது என்ன? பார்க்கலாம்.

கிணற்றில் வந்த கரி

1930-களில், ஜம்புலிங்க முதலியார் என்பவர் நெய்வேலிப் பகுதியில் இருந்த தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருளும் வந்தது. அதுதான் லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி. அதை எடுக்க 1956-ல் மத்திய அரசின் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ல் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சோவியத் யூனியன் உதவியோடு கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் 2020-ல் முழுமையாக ஓய்வு பெற்றது. 'என்.எல்.சி இந்தியா' என்று பெயர் மாறிய அதே நிறுவனம், இப்போது புதிய நிலையங்களை இயக்குகிறது.

சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஏன் மின் நிலையம்?

லிக்னைட் என்பது இன்னும் முழுசாக நிலக்கரி ஆகாத கரி. நெய்வேலி லிக்னைட்டின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். ரயிலில் ஏற்றி தூரத்துக்கு அனுப்பினால், பாதி வண்டியில் தண்ணீரை அனுப்பிய கதைதான். குவித்து வைத்தாலோ, அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனால்தான் வெட்டிய இடத்துக்கு அருகிலேயே எரிக்கிறார்கள். கன்வேயர் பெல்ட்டில் ஏறும் கரி நேராக மின் நிலையத்துக்குப் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் கரியைப் பொடியாக்கி, காற்றோடு சேர்த்து கொதிகலனுக்குள் ஊதுவார்கள். உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை எட்டும். கொதிகலனின் சுவர் முழுக்கக் குழாய்கள். அதில் ஓடும் தண்ணீர், சுமார் 540 டிகிரி சூடும் பயங்கர அழுத்தமும் உள்ள நீராவியாக மாறும். குக்கர் வெயிட்டைத் தூக்குகிற அதே ஆவிதான். ஆனால் இங்கே அழுத்தம் நூறு மடங்குக்கு மேல்.

அந்த ஆவி டர்பைனின் இறக்கைகள் மீது பாயும்போது, டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும். அதே தண்டில் இணைந்திருக்கும் ஜெனரேட்டரில், கம்பிச்சுருளுக்கு நடுவே காந்தம் சுழலும். மின்சாரம் பிறப்பது இங்கேதான். நொடிக்கு 50 சுற்று என்பதால்தான் நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிறகு டிரான்ஸ்ஃபார்மர்கள் மின்னழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்த, தென் மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் கரன்ட் போகிறது.

வேலை முடித்த ஆவியைக் குளிரவைத்து, தண்ணீராக்கி, மறுபடி கொதிகலனுக்கே அனுப்புவார்கள். அப்படிக் குளிரவைக்கும்போது வெளியேறும் வெப்பம்தான், பஸ்ஸில் இருந்து தெரியும் அந்த வெள்ளை ஆவி. கரி தந்த வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விப்பிலும், கரியின் ஈரத்தை ஆவியாக்குவதிலும், புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரி?

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. ஒரு கிலோ நெய்வேலி லிக்னைட் எரிந்தால் கிடைப்பது சுமார் 2,600 கிலோகலோரி. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம் என்றால், கணக்கு நேராக வருகிறது: ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி. 210 மெகாவாட் யூனிட் ஒன்று நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினால் சுமார் 5,000 டன் வேண்டும்.

கரி மேலாகவும் கிடப்பதில்லை. சுமார் 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணை அகற்றினால்தான் கிடைக்கும். ஒரு டன் கரிக்கு 5 கன மீட்டருக்கும் அதிகமான மண். கரிக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரின் அழுத்தம் சுரங்கத் தரையைப் பெயர்த்துவிடும் என்பதால், தண்ணீரையும் இடைவிடாமல் இறைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டையும் நெய்வேலிக் கரியில் தயாரித்தால் 100 கிலோ கரியும், அரை கன மீட்டருக்கு மேல் மண்ணும் தோண்டியாக வேண்டும். காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடும் 100 கிலோவுக்கு மேல்.

வளையமாதேவியில் நடந்தது

தோண்டிய இடத்தில் கரி தீர்ந்ததும் சுரங்கம் அடுத்த வயலை நோக்கி நகரும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கான மாற்று வாய்க்காலை வெட்ட, கதிர் விடும் பருவத்தில் இருந்த நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கின. 'நிலத்தை ஏற்கெனவே கையகப்படுத்திவிட்டோம்' என்றது நிறுவனம். 'அறுவடை வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா, கொடுத்த இழப்பீடு போதுமா' என்று கேட்டார்கள் விவசாயிகள். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில்தான், தமிழ்நாட்டின் எதிர்ப்பை அடுத்து, கிழக்கு சேத்தியாத்தோப்பு உள்ளிட்ட மூன்று பகுதிகளைச் சுரங்க ஏலப் பட்டியலில் இருந்து மத்திய அரசு நீக்கியிருந்தது.

விலை கொடுத்தது வயல் மட்டுமல்ல. 2020 மே 7, ஜூலை 1 என இரண்டே மாத இடைவெளியில், இரண்டாவது அனல்மின் நிலையத்தில் நடந்த இரு கொதிகலன் விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

சிதம்பரம் பக்கம் என்ன நிலை?

சிதம்பரம் அருகே பரங்கிப்பேட்டை கடலோரத்தில் 1,200 மெகாவாட் தனியார் அனல்மின் நிலையம் இருக்கிறது. கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் அதே முறைதான். எரிபொருள் மட்டும் வெளிநாட்டில் இருந்து வரும் நிலக்கரி. அதில் ஈரம் குறைவு, சூடு அதிகம் என்பதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் அரை கிலோ போதும். அதனால்தான் கடல் தாண்டிக் கொண்டு வந்தும் எரிக்க முடிகிறது. பரங்கிப்பேட்டையில் சுரங்கப் பள்ளம் இல்லை. அந்தப் பள்ளம் வேறு ஏதோ ஒரு நாட்டில், வேறு யாருடைய ஊரிலோ இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் எரியும் பல்பில் இது எதுவும் தெரியாது. ஆனால் கரியை எரிக்கும் வரை கணக்கு இதுதான்: ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கேயோ ஒரு நிலம் கொஞ்சம் குறைகிறது. கடலூர் மாவட்டத்தில் அந்த நிலத்துக்கு ஊர்ப் பெயரும் உண்டு, பயிர் செய்த ஆளும் உண்டு.