தருமச் சொத்துப் பராதீனம்

பிறர் நன்மையின் பொருட்டு ஒருவர் வசம் ஒப்புவிக்கப்பட்ட சொத்தை அப்பொறுப்பினின்று விடுவித்து, கிரயமாகவோ பரிவர்த்தனையாகவோ அடமானமாகவோ நீண்டகாலக் குத்தகையாகவோ மற்றொருவருக்கு மாற்றிக் கொடுப்பது பராதீனம் எனப்படும். சாஸனத்தில் சொத்து தர்மகர்த்தாவின் பெயரிலேயே நிற்பினும் அதன் பலன் அவருக்குரியதன்று ஆகையால், பத்திரத்தில் கையொப்பமிட வல்லவர் யார் என்பதினும், அதற்குச் சம்மதம் அளிக்க உரியவர் யார் என்பதே இங்கு முதலில் ஆராயத்தக்கது.

குடும்பத்தினர் நலனுக்கென ஏற்படும் தனியார் டிரஸ்டுகளில் இதற்கு விடை எளிது. பயனடைவோர் ஒருவரேயாயினும் பலராயினும், அனைவரும் ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையோராய் ஒருமனப்பட்டு நிற்பின், சொத்தைத் தமக்கோ தாம் குறிக்கும் நபருக்கோ மாற்றித் தருமாறு டிரஸ்டியைக் கேட்கலாம் என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. இதே நியாயம் இங்கிலாந்தில் 1841இல் சாண்டர்ஸ்–வாட்டியர் வியாஜ்யத்தில் நிலைபெற்றது. இருபத்தைந்து வயதில் கொடுக்கப்படவேண்டுமென உயிலில் விதிக்கப்பட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளை, இருபத்தொரு வயது நிரம்பியதுமே கேட்டுப் பெற்றான் ஓர் இளைஞன். உயில் எழுதியவரின் முன்ஜாக்கிரதை அவ்வளவில் முடிந்தது! பயனடைவோருள் ஒருவர் மைனராயிருப்பினும் இவ்வழி அடைபடும். டிரஸ்டி தாமே வாங்கிக்கொள்வதோ, பயனடைவோருக்கு அது பிரத்தியட்சமான அனுகூலமென்று கண்டு நீதிமன்றம் அனுமதித்தாலன்றி இயலாது.

கோயில்களுக்கும் மடங்களுக்கும் விடப்பட்ட சொத்துக்கள் அச்சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. சொத்துக்குரிய மூர்த்தி வாய்திறந்து சம்மதம் தெரிவிப்பதில்லையாகையால், மைனரின் சொத்தைப் பராமரிப்பவருக்கு 1856இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில் விதித்த, அவசியத்துக்கோ அனுகூலத்துக்கோ அன்றிப் பராதீனம் கூடாதென்ற நியமமே, 1875இல் தேவஸ்வத்தைப் பராமரிப்பவருக்கும் விரிக்கப்பட்டது. தமிழ்நாட்டில், அவ்வவசியம் உண்டா என்ற தீர்மானத்தை விற்பவரின் மனச்சாட்சிக்கே விட்டுவிடாமல், 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு ஆணையரிடம் ஒப்படைத்திருக்கிறது. விற்பனை, பரிவர்த்தனை, அடமானம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை ஸ்தாபனத்துக்கு அவசியமென்றோ அனுகூலமென்றோ அவர் கண்டு, ஆட்சேபங்களை வரவழைத்துப் பரிசீலித்து அனுமதித்தாலொழிய, செல்லாதனவாகும். இவ்வேற்பாடு காலதாமதத்தை உண்டாக்குவது மெய்யே. எனினும் பேசவியலாத உடைமையாளருக்கு இதனினும் குறைந்த காவல் போதாது.

வாங்குவோரின் நிலை இருவகையிலும் வேறுபடும். தனியார் டிரஸ்டுச் சொத்தை, டிரஸ்டு உண்டென்பதை அறியாது நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் பாதுகாக்கிறது. 34ஆம் பிரிவை மீறிய கிரயத்திலோ பத்திரமே செல்லாததாகிவிடுவதால், முழு விலை கொடுத்திருந்தும் அவருக்கு அப்புகலிடமில்லை. வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி வாங்குவதும் தக்கதன்று. டிரஸ்டு உயிலின் மூலமாகவும் ஏற்படலாம். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதியப்படுவன, பதியாமலே செல்லுபடியாவனவும் உண்டு.