கிரீட்மூர்: ஆயிரம் கஜத்தில் கருமருந்து

1874 செப்டம்பர் 26 அன்று, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் திடலில் அயர்லாந்து, அமெரிக்க அணிகள் குறிசுடுவதில் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜத் தொலைவுகள். அயர்லாந்தினரிடம் குழல்வாய் வழியே மருந்திடும் ரிக்பி துப்பாக்கிகள். அமெரிக்கரிடம் பின்புறம் தோட்டா இடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும்.

கருமருந்து தரும் வேகம் குறைவு. ஆயிரம் கஜத்தை எட்ட, குண்டு உயர வளைந்து பறந்தாக வேண்டும். ஆகவே வேகத்தைவிட எடையை நம்பினார்கள்: .44 அங்குலக் குழலுக்கு ஏறத்தாழ 90 கிரெயின் மருந்து, 550 கிரெயின், அதாவது சுமார் 36 கிராம், நீண்ட ஈயக் குண்டு. கனத்த குண்டு பக்கக் காற்றுக்கு எளிதில் விலகாது. தோளில் உதை மட்டும் பலமாக விழும். குழலில் ஈயம் ஒட்டாதிருக்கக் குண்டின் மேல் மெல்லிய காகிதம் சுற்றினார்கள். பெருந்தொல்லை மருந்து விட்டுச்செல்லும் கரிதான். அது இறுகினால் எவ்வளவு கவனமாக நிறுத்த மருந்தும் பயன்படாது. தொலைதூரப் போட்டிகளில் ஒவ்வொரு வெடிக்கும் பின் குழலைத் துடைக்கும் வழக்கம் வேரூன்றியது இதனால்தான்.

குறிபார்க்கும் கருவிகளே அக்கால நுட்பத்தின் உச்சம். கைப்பிடிமேல் நிமிரும் பின்தண்டில் வெர்னியர் அளவுகோலும் சிறு துளையும். முன்னே கூண்டிட்ட குறி, காற்றுக்கேற்ப நகர்த்தும் திருகு, ரசமட்டம். அவ்வளவு உயர ஏற்றிய குழல் சற்றே சாய்ந்தாலும் குண்டு பல அடி விலகும் என்பதால், ரசமட்டம் அலங்காரமல்ல.

அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு இலக்கின் நடுவில்தான் பாய்ந்தது; ஆனால் அது வேறொரு இலக்கு. நான்கு புள்ளிகள் போயின.