இல்லத்திலிருந்தே அர்ப்பணம்: அசிசியாரின் குடும்பத்தில் பெண்கள்



முப்பது வயதைத் தாண்டியும் திருமணம் ஆகாத ஒரு பெண் அன்றாடம் திருப்பலிக்கு வந்தால், "கல்யாணமா, கன்னியர் மடமா? சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாம்மா" என்று அறிவுரை சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு வழிகள்தான் உண்டு என்பது நம் எண்ணம். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையிலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ உழைத்துக்கொண்டு, தன்னை இறைவனுக்கு முழுமையாகக் கொடுக்க விரும்பும் பெண்ணுக்குத் திருச்சபையில் இடம் உண்டா? உண்டு. அந்த இடம் இன்று நேற்று வந்ததல்ல. புனித அசிசி பிரான்சிஸின் காலத்திலேயே தொடங்கியது.

கிளாராவும் யாக்கோபாவும்

அசிசியாரைப் பின்பற்றிய பெண்களில் நாம் நன்கு அறிந்தவர் புனித கிளாரா. 1212-இல் வீட்டைத் துறந்து, சான் தமியானோ மடத்தில் அடைபட்ட வாழ்வை ஏற்றார். ஆனால் யாக்கோபா என்ற உரோமைக் கைம்பெண்ணைப் பலரும் அறியோம். அவர் மடத்துக்குப் போகவில்லை. தம் இல்லத்தில் இருந்தபடியே பிள்ளைகளை வளர்த்தார், துறவிகளுக்கு உதவினார். பிரான்சிஸ் அவரைச் 'சகோதரர் யாக்கோபா' என்றே அழைத்தார். 1226 அக்டோபரில் தாம் இறக்கும் தறுவாயில் அவரைக் காண விரும்பினார். இன்று யாக்கோபாவின் கல்லறையும் அசிசியாரின் கல்லறைக்கு அருகிலேயே உள்ளது.

மடத்தில் கிளாரா, வீட்டில் யாக்கோபா. பிரான்சிஸ்கன் குடும்பத்தில் இருவருக்கும் இடம் இருந்தது.

மூன்றாம் சபையின் ஒழுங்கு

வீட்டில் வாழ்ந்துகொண்டே மனமாற்ற வாழ்வு நடத்த விரும்பியவர்களுக்கு 1221-இல் ஒரு வாழ்க்கை ஒழுங்கு வகுக்கப்பட்டது. 1289-இல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் ஓர் ஒழுங்கை உறுதிப்படுத்தினார். 1883-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அதை எளிமையாக்கினார். இப்போது நடைமுறையில் இருப்பது, 1978 ஜூன் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அளித்த ஒழுங்கு. நம் பெரியவர்கள் 'மூன்றாம் சபை' என்று சொன்னதே இன்று 'பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபை' எனப்படுகிறது. மணமானோரும் மணமாகாதோரும், ஆண்களும் பெண்களும் இதில் சேரலாம்.

இச்சபையின் பாதுகாவலி ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்து. அரச குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்து, மார்பர்க் நகரில் மருத்துவமனை அமைத்து, தம் கைகளாலேயே நோயாளரைக் கவனித்தவர். 1231-இல் இறந்தபோது அவருக்கு வயது 24 மட்டுமே.

சுவரும் சுதந்திரமும்

பெண்கள் மடமில்லாமல் அர்ப்பண வாழ்வு வாழ்வதைத் திருச்சபை எல்லாக் காலத்திலும் எளிதில் ஏற்கவில்லை. 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் எல்லாப் பெண் துறவியரும் அடைப்பு வாழ்வை மேற்கொள்ள வேண்டும் என ஆணையிட்டார். 16-ஆம் நூற்றாண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் அதை மேலும் வலியுறுத்தியது.

ஆயினும் 1535-இல் இத்தாலியின் பிரெஷியா நகரில், மூன்றாம் சபை உறுப்பினரான புனித ஆஞ்சலா மெரிசி ஒரு துணிவான செயலைச் செய்தார். புனித உர்சுலாவின் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். மடம் இல்லை, தனிச் சீருடை இல்லை. உறுப்பினர்கள் பெற்றோர் வீட்டிலோ, வேலை செய்யும் வீட்டிலோ வாழ்ந்து, குறித்த நாளில் ஒன்றுகூடினர். பிற்காலத்தில் இக்குழுவின் பல கிளைகள் மடங்களாக மாறினாலும், அந்த விதை அழியவில்லை.

அது 1919-இல் மீண்டும் முளைத்தது. பிரான்சிஸ்கன் துறவி அகுஸ்தீனோ ஜெமெல்லியும், மிலான் நகரப் பெண்மணி அர்மீதா பரெல்லியும் அசிசியில் 'கிறிஸ்து அரசரின் மறைப்பணியாளர்' என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினர். உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தொழில்களில், சாதாரண உடையில் வாழ்ந்தனர். 1947 பிப்ரவரி 2 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், உலகில் வாழும் அர்ப்பண நிறுவனங்களுக்குத் திருச்சபையின் முழு அங்கீகாரத்தை வழங்கினார். பரெல்லி 2022 ஏப்ரல் 30 அன்று அருளாளராக உயர்த்தப்பட்டார்.

நம் மண்ணில்

திண்டுக்கல் பகுதி பழைய மதுரை மறைப்பணித் தளத்தோடு தொடர்புடையது. அந்த மதுரைக்கு 1865-இல் வந்த பிரெஞ்சு சகோதரிதான் பாடுகளின் மரியா. அவர் 1877-இல் உதகமண்டலத்தில் தொடங்கிய சபை இன்று 'மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்' என உலகெங்கும் பரவியுள்ளது. 1882 அக்டோபர் 4 அன்று உரோமையில் மூன்றாம் சபையில் சேர்ந்தே அவர் பிரான்சிஸ்கன் குடும்பத்துக்குள் நுழைந்தார். கேரளத்தில் 1888-இல் சங்ஙனாச்சேரியில் உருவான பிரான்சிஸ்கன் கிளாரா சபைக்கும் மூன்றாம் சபைப் பெண்களே தொடக்கம். புனித அல்போன்சா அச்சபையில் மலர்ந்தவர்.

உறுப்பினர் ஆவது எப்படி?

இரண்டு வழிகளை நாம் பிரித்து அறிய வேண்டும்.

1. பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபை: முதலில் அறிமுகக் காலம், பின்பு குறைந்தது ஓராண்டு பயிற்சி, அதன்பின் ஒழுங்கின்படி வாழ்வதாக வாக்குறுதி. இவ்வாக்குறுதி வாழ்நாள் முழுவதற்குமானது. துறவற வார்த்தைப்பாடுகள் இல்லை. திருமணத்துக்குத் தடையும் இல்லை. உள்ளூர்க் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மன்றம் நடத்துகிறது. ஆன்மிகத் துணையாளர் ஒருவர் வழிகாட்டுவார்.

2. உலகில் வாழும் அர்ப்பண நிறுவனம்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய நற்செய்தி அறிவுரைகளை வார்த்தைப்பாட்டாலோ வேறு புனிதப் பிணைப்பாலோ ஏற்பவர்களுக்கு உரியது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணப் பந்தத்தில் இருக்கக் கூடாது. தொடக்கப் பயிற்சி இரண்டு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அதன்பின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தற்காலிகப் பிணைப்பு; பிறகே நிரந்தரம். இவற்றில் சேர்ந்தாலும் அவர் பொதுநிலையினராகவே இருக்கிறார்.

அன்றாட வாழ்வு

இவருக்கு மணியடித்து எழுப்ப மடம் இல்லை. முதல் ஷிப்ட் பேருந்துக்கு முன் காலைச் செபம், இயன்ற நாளில் திருப்பலி, பிறகு முழு நாள் உழைப்பு. வீடு திரும்பினால் சமையல், பெற்றோருக்கு மருந்து, இரவுச் செபம். சொந்த உழைப்பில் உண்கிறார். ஏழ்மை என்பது இவருக்குச் சம்பளக் கவரைப் பிரிக்கும்போது தொடங்குகிறது: எனக்கு எவ்வளவு, பிறருக்கு எவ்வளவு? பல நிறுவனங்களில் தம் உறுப்பினர் நிலையை வெளியில் சொல்வதும் இல்லை. மாவுக்குள் புளிப்பு மறைந்திருப்பது போல.

அப்படியானால் இவர்களை ஒன்றாகப் பிணைப்பது எது? ஒரே ஒழுங்கு, ஒழுங்கான கூட்டம், ஆண்டுத் தியானம், பொறுப்பாளரிடம் மனம் திறந்த உரையாடல். இந்த நான்கில் ஒன்று தளர்ந்தாலும் சிதறி வாழ்வது தனித்து வாழ்வதாகிவிடும். எனவே, "மாதத்தில் ஒரு நாள்தானே, போகாவிட்டால் என்ன?" என்று வீட்டார் தடுப்பது சிறிய செயலல்ல. மடத்துச் சகோதரிக்குச் சிற்றாலயம் எப்படியோ, இவருக்கு அந்த ஒரு நாள் அப்படி.

சேருமுன் கேட்க வேண்டியவை

நோய் வந்தால், முதுமை வந்தால் யார் பார்ப்பார்கள்? ஊதியத்துக்கும் சொத்துக்கும் நிறுவனத்தின் சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோரைக் கவனிக்கும் கடமைக்கு இடம் உண்டா? இவற்றைக் கேட்பது நம்பிக்கைக் குறைவல்ல. தெளிவான பதில் தரும் குழுவே நல்ல குழு. தற்காலிகக் காலம் முடிந்ததும் விலகும் உரிமை உறுப்பினருக்கு உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். மகளின் வருமானம் வேண்டும் என்பதற்காக அவள் திருமணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, "அவளுக்குப் பக்தி அதிகம்" என்று சொல்வது அழைத்தல் ஆகாது. வரன் அமையாத பெண்ணை ஆறுதலுக்காக இவ்வழியில் தள்ளுவதும் தவறு. சுதந்திரமாகத் தேர்ந்தால்தான் அது அர்ப்பணம். அப்படித் தேர்ந்தெடுத்தவரை, "பாவம், தனியாக இருக்கிறாள்" என்று பேசவும் நமக்கு உரிமை இல்லை.

விருப்பமுள்ளோர் முதலில் தம் பங்குத்தந்தையிடம் பேசலாம். திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் அனுக்கிரகா நிறுவனத்தை நடத்தும் கப்புச்சின் துறவியரும் அசிசியாரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே.

சிந்தனைக்கு:

நம் பங்கில் தனித்து வாழும் பெண்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்?

அவர்களுடைய உழைப்பைக் கோயில் பணிக்குப் பயன்படுத்தும் நாம், அவர்கள் நோயுற்ற நாளில் வாசற்படி ஏறியிருக்கிறோமா?

அசிசியார் ஒரு கைம்பெண்ணைச் 'சகோதரர்' என்று தம் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். நாம் அவர்களைச் சகோதரி என்றாவது ஏற்போமா?