உடைந்த கப்பலும் ஒரு முக்காலியும்

மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் முதலில் எழும் வாதம், எந்தச் சாமானை எடுத்துச் செல்வது, எதை விற்றுவிடுவது என்பதே. அலமாரி விலைபோகும், கட்டில் அண்டை வீட்டாருக்குப் போகும். ஆனால் பாட்டி உட்கார்ந்த மணைப்பலகையும், எப்பொழுதோ இடித்த வீட்டின் நிலைச்சட்டத்தை அறுத்துத் தச்சர் செய்து கொடுத்த முக்காலியும் நாகபுரிக்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் நம்முடனேயே வந்துவிடுகின்றன. பழைய மரத்தில் சிறு சாமான்கள் செய்துகொள்வது இல்லாதவர்களின் வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் இங்கிலாந்து நாட்டுப் பழைய தோட்டங்கள் சிலவற்றில் கிடக்கும் பெஞ்சுகளின் வரலாற்றை அறிந்தால் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அவ்வரலாற்றின் தொடக்கம் நம் நாட்டுக் காடுகளிலேயே இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரம் அருகிப் போயிற்று. நெப்போலியனோடு நடந்த போர்களோ மேலும் மேலும் கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்தன. அப்பொழுது கடற்படையின் பார்வை பம்பாயின் மீது விழுந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையில், 1736-ஆம் ஆண்டு சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்ஸி தச்சரின் வழியினர் தலைமுறை தலைமுறையாகத் தலைமைத் தச்சர்களாக விளங்கினர். மரம் மலையாளக் கரையோரத்துக் காடுகளிலிருந்து வந்தது. வைரம் பாய்ந்த தேக்கு அது.

ஓக் மரத்திற்கும் தேக்கிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஓக் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பாணியை அரிக்கும். ஆணியைச் சுற்றி மரமும் கறுத்துக் கெடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசையோ இரும்பையும் காத்து மரத்தையும் காக்கும். கறையானும் அதனை எளிதில் நெருங்காது. நூறாண்டு சென்ற தேக்குச் சட்டத்திலிருந்து ஆணியைப் பிடுங்கினால், துளையைச் சுற்றி மரம் உறுதியாகவே இருப்பதை நம் தச்சர்கள் நன்கு அறிவார்கள்.

வாடியா குடும்பத்தாரில் ஜாம்ஷெட்ஜி பம்மன்ஜி பெரும் புகழ் பெற்றவர். 1813-இல் அவர் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ என்ற கப்பலின் மீதுதான், 1842-இல் சீனத்தோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817-இல் அவர் நீரில் இறக்கிய மற்றொரு போர்க்கப்பலுக்கு ‘டிரிங்கோமலி’ என்று பெயர். நம் செவிக்கு அது திருகோணமலை! அத்துறைமுகத்தின் அருகே 1782-இல் நடந்த கடற்போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

ஜாம்ஷெட்ஜியைப் பற்றி வழங்கிவரும் செய்தி ஒன்றுண்டு. 1800-ஆம் ஆண்டில் அவர் கட்டிய, அதே ‘கார்ன்வாலிஸ்’ பெயர் கொண்ட வேறொரு கப்பலின் அடிவயிற்றில், எவர் கண்ணிலும் எளிதில் படாத சட்டமொன்றில், இக்கப்பலைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் செதுக்கி ஆண்டையும் குறித்தாராம். தம்மை ஏளனமாக அழைத்தோரின் சொல்லையே எடுத்துக் கையெழுத்தாகப் போட்டுவிட்டார்! பல ஆண்டுகள் கழித்துக் கப்பல் பழுதுபார்ப்புக்காகப் பம்பாய்க்குத் திரும்பியபொழுதே அது வெளிப்பட்டதாகச் சொல்வர்.

கப்பல்களுக்காகக் காடுகள் கொடுத்த விலை சிறிதன்று. தேக்கு குறைந்துவருவதைக் கண்ட கம்பெனி 1806-இல் காப்டன் வாட்சன் என்பவரை மலையாளக் காடுகளுக்குப் பாதுகாவலராக நியமித்தது. பாதுகாவல் என்பது பெயரளவில்தான். மரம் முழுவதும் கம்பெனிக்கே உரியது என்ற ஆணையின் கீழ்க் குடிகளும் வணிகர்களும் பட்ட இடர் பெரிது. 1823-இல் சென்னை கவர்னர் மன்றோவின் காலத்தில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. பின்னர், 1840-களில் மலபார்க் கலெக்டர் கானலியும் சாத்து மேனோனும் நிலம்பூரில் தேக்கைப் பயிராகவே நட்டு வளர்க்கத் தொடங்கினர். அத்தோப்பின் ஒரு பகுதி கானலியின் பெயராலேயே இன்றும் நிற்கிறது.

1860-ஐ ஒட்டி இரும்புக் கப்பல்கள் வந்தன. மரக்கப்பல்களின் காலம் முடிந்தது. அவை பயிற்சிக் கூடங்களாகவும் சரக்குக் கிடங்குகளாகவும் துறைமுகங்களில் மிதந்து, இறுதியில் உடைப்போரின் கைக்குப் போயின. உடைத்தவர்கள் மரத்தை வீணாக்கவில்லை. லண்டனில் மில்பாங்க் கரையில் இருந்த காஸில் என்ற நிறுவனமும், வட இங்கிலாந்தில் பிளைத் துறைமுகத்து ஹியூஸ் போல்கோ நிறுவனமும் கப்பல் தேக்கில் பெஞ்சுகளும் நாற்காலிகளும் செய்து விற்றன. வாங்குவோர் பெருமைப்படும் பொருட்டு, இன்ன போர்க்கப்பலின் மரம் இது என்று பொறித்த சிறு தகடும் பல சாமான்களில் பதிக்கப்பட்டது. 1821-இல் பம்பாயில் நீரில் இறங்கிய ‘கங்கை’ என்ற பெருங்கப்பலும் 1930-இல் பிளிமத்தில் உடைபட்டது. அதன் தலைவனுடைய அறை, டெவன் கடற்கரைக்கருகே பர்க் தீவிலுள்ள ஓட்டல் ஒன்றின் பகுதியாகிவிட்டது.

‘டிரிங்கோமலி’யின் கதை வேறு விதமானது. நெல்சனின் கொடி பறந்த ‘பூத்ராயான்’ என்ற பழங்கப்பலை வீட்லி காப் என்ற செல்வர் வாங்கி, ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டு சென்றார். 1897 ஜூன் மாதத்தில் பிளாக்பூல் கரையில் அது புயலில் சிக்கிச் சிதைந்தது. ஒதுங்கிய மரம் மேசை நாற்காலிகளாயிற்று, செம்பு பதக்கங்களாயிற்று. அதே ஆண்டில் உடைப்பதற்கென விற்கப்பட்டிருந்த ‘டிரிங்கோமலி’யை அவர் வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே அதற்கு இட்டார். ஒன்று நாற்காலியாகப் போக மற்றொன்று பிழைத்தது. பிழைத்த கப்பல் பின்னாளில் தன் பழைய பெயரையும் திரும்பப் பெற்று, ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பித்தளைத் தகடுகளில் கப்பலின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் அது கண்ட போர்களும் இருக்கக்கூடும். மரம் வளர்ந்த காட்டின் பெயர் இல்லை. அதனை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டவனின் பெயர் இல்லை. பம்பாய்த் தச்சனின் பெயரும் இல்லை. சட்டத்தின் அடியில் ஜாம்ஷெட்ஜி ஏன் உளியை எடுத்தார் என்பது இதைக் காணும்பொழுதுதான் நமக்கு விளங்குகிறது.

காலம் இப்பொழுது தலைகீழாக மாறிவிட்டது. 1983 முதல் உலகத்துக் கப்பல்கள் குஜராத்தில் ஆலங் கடற்கரைக்கு வந்து உடைபடுகின்றன. காம்பே வளைகுடாவின் பேரலையேற்றத்தில் கப்பலைக் கரைமீது ஓட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஒரிஸா, பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் உயிராபத்துக்கு இடையே அதனைப் பிரிக்கிறார்கள். அங்கு செல்லும் சாலையின் இருமருங்கும் கப்பல் அறைகளின் கட்டில், மேசை, கதவு, பலகை என்று குவிந்து கிடக்கும் கடைகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒட்டுப்பலகையே. எனினும் பழைய தளமொன்றின் தேக்குத் துண்டு அகப்படுவதும் உண்டு. நம்மவர்கள் பலர் வாழும் மும்பையிலோ இடிபடும் பழங்கட்டடங்களின் பர்மாத் தேக்கு விட்டங்கள் மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

அப்படி ஒரு துண்டு கைக்கு வந்தால் சில செய்திகளை மனத்தில் கொள்வது நலம். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கலாகாது. ரயில் தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். அவை வீட்டுக்குள் ஆகா. வாள் வைக்கும் முன் காந்தம் ஒன்றை மரத்தின் மீது ஓட்டி, மறைந்த ஆணிகளைத் தேடவேண்டும். ஓர் ஆணி போதும், வாளின் பல் போய்விடும். கல்கத்தாவின் ஈரக்காற்றில் இருந்த மரம் தில்லியின் கோடையைக் கண்டால் சற்றுச் சுருங்கும். எவ்வளவு பழைய மரமாயினும் புது ஊர்க் காற்றில் சில வாரம் கிடந்த பிறகே அதனை அறுப்பது முறை. முக்காலியின் காலைப் பலகையில் துளையிட்டுக் கழுந்து வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். ஆணியடித்த காலைவிட அது அதிக நாள் நிற்கும். பழைய ஆணித் துளைகளைப் பசையும் மரத்தூளும் இட்டு மறைப்பார் உண்டு. நாம் அவற்றை அப்படியே விட்டுவிடுவதையே விரும்புகிறோம்.

வேலை முடிந்து எண்ணெய் பூசும் முன், முக்காலியைக் கவிழ்த்து வைத்து, மரம் எந்த வீட்டிலிருந்து அல்லது எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்பதையும், ஆண்டையும், செய்த தச்சரின் பெயரையும் அடிப்பலகையில் எழுதச் செய்யலாம். பென்சில் எழுத்து சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். உளியால் வெட்டச் சொல்லுங்கள்.