தியத்தலாவைக் கைதிகளும் த்ரீ நோட் த்ரீயும்

கடந்த வாரம் தரம் 11 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், பெரிய பிரித்தானிய இராணுவத்துக்கு விவசாயிகளைத் தோற்கடிக்க ஏன் இரண்டரை வருஷம் போச்சு?"

தியத்தலாவை முகாமில் 1900 முதல் அடைக்கப்பட்டிருந்த போயர் கைதிகளைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். தென்னாபிரிக்காவிலிருந்து சுமார் 5,000 பேரைக் கப்பலில் ஏற்றி எமது மலைநாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. அதில் ஒன்று ஒரு துப்பாக்கியின் கதை. எம்மவர் "த்ரீ நோட் த்ரீ" என்று அழைக்கும் லீ-என்ஃபீல்ட்.

அதன் போல்ட்டையும் மெகசினையும் வடிவமைத்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை செய்தவர். பிரித்தானியா 1888இல் ஏற்றுக்கொண்ட லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியின் குழல் கரிமருந்துக்காக அமைந்தது. பின்னர் வந்த கோர்டைட் என்ற புகையில்லா மருந்தின் கடும் வெப்பத்தில், குழலுக்குள் இருந்த ஆழமில்லாத சுருள் பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்தன. 1895இல் ஆழமான பள்ளங்களோடு குழலை மாற்றினார்கள். லீ-என்ஃபீல்ட் பிறந்தது.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருந்தது. மெகசினில் ரவைகளை ஒவ்வொன்றாகவே போட வேண்டும். போயர்களின் கையில் இருந்ததோ ஜேர்மன் மவுசர். ஐந்து ரவைகளை ஒரே கிளிப்பில் வைத்து, ஒரே அழுத்தில் உள்ளே தள்ளலாம். 1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஸ்டோர்ம்பேர்க், மாகர்ஸ்ஃபொன்டைன், கொலென்சோ என மூன்று இடங்களில் பிரித்தானியா தோற்றது. தோல்விக்குத் தளபதிகளின் பிழைகளும் காரணம். என்றாலும் துப்பாக்கியின் குறையை மறைக்க முடியவில்லை.

தோற்ற இராணுவம் எதிரியிடம் பாடம் படித்தது. புதிய துப்பாக்கியில் கிளிப் வசதி சேர்ந்தது. குழல் சுமார் 5 அங்குலம் குறுகியது. காலாட்படைக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று என்ற வழக்கம் போய், எல்லோருக்கும் ஒரே துப்பாக்கி வந்தது. லீயின் போல்ட்டை மாற்றவில்லை. மவுசரின் போல்ட்டை 90 பாகை திருப்ப வேண்டும், இதற்கு 60 பாகை போதும். மெகசினில் 10 ரவைகள். பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு 15 தடவை குறிபார்த்துச் சுட்டான். 1914 ஓகஸ்டில் மொன்ஸ் நகரில் ஜேர்மன் படை அந்த வேகத்தைச் சந்தித்தது.

அதன் பிறகும் அது மாறிக் கொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போரில், இலகுவாகவும் அதிகமாகவும் தயாரிக்கத் தக்கதாக நான்காம் இலக்க வடிவம் வந்தது. காட்டுப் போருக்காகக் குறுகிய வடிவம் ஒன்று வந்தது. அது தோளில் பலமாக இடித்தது. 1962 சீனப் போருக்குப் பின் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை 7.62 மி.மீ. ரவைக்கு ஏற்றவாறு அதைத் தயாரித்தது. பிரித்தானியா 1970இல் பழைய துப்பாக்கிகளுக்குப் புதுக்குழல் பொருத்தி சினைப்பர்களுக்குக் கொடுத்தது. கனடாவின் வடபனிப் பிரதேசக் காவலர்கள் 2010கள் வரை அதையே தோளில் சுமந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இன்னொரு மாணவன் எழுந்தான்: "அப்போ சேர், அது நல்ல துப்பாக்கியா?"

மணி அடித்துவிட்டது. நாம் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவு.

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக். நிராயுதபாணிகளான மக்கள் கூட்டத்தை நோக்கி ஜெனரல் டயரின் 50 சிப்பாய்கள் ஏறத்தாழ பத்து நிமிடம் சுட்டார்கள். செலவான ரவைகள் 1,650. அரசாங்கக் கணக்கிலேயே இறந்தவர்கள் 379 பேர். அவர்கள் கையில் இருந்ததும் இதே .303. கொலென்சோவின் தோல்வி கற்றுக்கொடுத்த கிளிப்பும், வேகமாகத் திரும்பும் போல்ட்டும் அன்று எந்தக் கோளாறும் இல்லாமல் வேலை செய்தன.

யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு என்று கேட்டுப் புள்ளி போடுகிறோம். அது யார் மீது திரும்பியது என்று கேட்பதில்லை. யுத்தம் பார்த்த நாட்டில் வரலாறு படிப்பிக்கும் நாம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது.

திங்கட்கிழமை அந்த மாணவனிடம் முதலில் ஜாலியன்வாலா பாக் பற்றிச் சொல்வோம். பிறகு அவனது கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்போம்.