பானட்டைத் தூக்கிப் பிடிப்பது யார்?

நம் அடித்தளக் கார் நிறுத்தத்தில் சில கார்களைக் கவனித்திருப்பீர்கள். கொக்கியை விடுவித்து பானட்டை லேசாகத் தூக்கினால் போதும், மீதி உயரத்துக்கு அதுவே மெல்ல எழுந்து நிற்கிறது. இரும்புக் கம்பியை எடுத்து ஓட்டையில் செருகும் வேலை இல்லை. இரண்டு பக்கமும் விரல் பருமனில் ஒரு கறுப்புக் குழாய், அதற்குள் போய் வரும் பளபளப்பான ஒரு தண்டு. கடையில் கேஸ் ஸ்ட்ரட் என்று கேட்டால் கொடுப்பார்கள். கம்பியோடு வந்த கார்களுக்கும் இப்போது பலர் இதை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுவதற்கு முன் இதன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் தூக்கி நிறுத்தும் பிரச்சினையே கிடையாது. எஞ்சின் மேல் இருந்த தகடு நடுவில் நீளவாக்கில் கீல் வைத்தது. வலப்பக்கம் வேலை என்றால் வலப்பக்கத் தகட்டை எடுத்து இடப்பக்கத்தின் மேல் மடித்துப் போட வேண்டும். நம் பாட்டி வீட்டு அரிசிப் பெட்டி மூடி மாதிரி. வழியில் வண்டி நின்றால் ஓட்டுபவரே இறங்கிக் கை வைத்தாக வேண்டிய காலம், அதனால் சட்டென்று திறக்கவும் சட்டென்று மூடவும் வசதியாகத்தான் செய்தார்கள்.

1930-களில் கார்களின் முகம் மாறியது. முன்பக்கம் அகலமாகி, எஞ்சினை மூடும் தகடு ஒரே துண்டாயிற்று. கண்ணாடிப் பக்கம் கீல், முன்னால் திறப்பு. முதலை வாயைத் திறப்பது போல் இருந்ததால் ஆங்கிலத்தில் முதலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். (அமெரிக்கர்கள் இந்தத் தகட்டை ‘ஹூட்’ என்பார்கள், ஆங்கிலேயர்கள் ‘பானட்’ என்பார்கள். இரண்டுமே தலையில் அணிவதன் பெயர்தான். நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயரின் குல்லாய்.) முதலை வாயைத் திறக்கலாம், திறந்தபடி பிடித்துக்கொள்வது யார்? பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. நம்மில் மூத்தவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையை ஒட்டிய தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. அந்தக் காரில் கீல் முன்னால் இருந்தது. பானட்டும் இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னோக்கிச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். என்னைக் கேட்டால் மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்த கார் அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, கம்பி. மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, கீலிலேயே கனமான சுருள் ஸ்பிரிங். 1950, 60-களில் அமெரிக்காவின் படகு போன்ற கார்களில் பானட்டே பெரிய பாரம், அதனால் அங்கே சுருள் ஸ்பிரிங் அதிகம் வந்தது. மூன்றாவது வழிதான் காற்று.

இந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை என்று சொல்லலாம். ராபர்ட் பாயில் ஆக்ஸ்போர்டில் காற்றைப் பற்றிச் சோதனைகள் செய்து 1660-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே காற்றின் ‘ஸ்பிரிங்’ என்ற சொல் இருக்கிறது. அடைத்த காற்றைப் பாதி இடத்துக்குள் அமுக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று 1662-ல் கணக்கோடு காட்டினார். அந்தச் சோதனைகளுக்கான காற்றுப் பம்பைச் செய்துகொடுத்த உதவியாளர் ராபர்ட் ஹூக். இழுக்கும் விசைக்கு ஏற்ப உலோக ஸ்பிரிங் நீளும் என்ற விதி பின்னாளில் இவர் பெயரால் வந்தது. அதை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டு, 1678-ல்தான் விடையை வெளியிட்டார். பாஸ்வேர்டு போட்டு வைத்த முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார்!

காற்று ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் அடைத்து நெடுங்காலம் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. உள்ளே போய் வரும் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்க நல்ல சீல் வேண்டும். 1950-களில் பிரான்சின் தெ கார்பன், அழுத்தமான வாயு அடைத்த ஷாக் அப்சார்பரைக் கொண்டுவந்தார். 1957 முதல் மெர்சிடிஸ் கார்களில் அது பொருத்தப்பட்டது. ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரில் 1934-ல் தொடங்கிய ஸ்டாபிலஸ் நிறுவனம், 1962-ல் கேஸ் ஸ்பிரிங்குகளைத் தொடர் உற்பத்தியாகச் செய்ய ஆரம்பித்தது. பிறகு பின்பக்கம் முழுக் கதவாக மேலே திறக்கும் ஹாட்ச்பேக் கார்கள் பெருகின. அந்தக் கதவைத் தலைக்கு மேல் நிறுத்த இந்தக் குழாய் கச்சிதமாகப் பொருந்தியது.

உங்கள் ஹாட்ச்பேக்கையே பாருங்கள். பின்கதவுக்கு கேஸ் ஸ்ட்ரட் இருக்கும், பானட்டுக்குப் பெரும்பாலும் கம்பிதான் இருக்கும். ஒரே காரில் ஏன் இந்தப் பாரபட்சம்? பின்கதவை நீங்கள் தினமும் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு திறக்கிறீர்கள். பானட்டைத் திறப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யும் மெக்கானிக். கார் வாங்கப் போகும்போது அவர் உங்களோடு வருவதில்லை. ஏற்காடு மலையில் பாதி வழியில் அம்பாசடரை நிறுத்தி, பானட்டைத் திறந்து, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்த காலத்தில்கூட நமக்கு யாரும் இந்த வசதி தரவில்லை. எஞ்சின் ஒழுங்காக ஓடி பானட்டைத் திறக்கவே தேவையில்லாத இந்தக் காலத்தில் நாம் காசு கொடுத்து மாட்டுகிறோம்!

மாட்டுங்கள், தவறில்லை. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரேடு எழுதிய கை, சும்மா இருக்காது. குழாயின் மேல் 300 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தால், அது சுமார் 30 கிலோ பாரத்தைத் தள்ளும் விசை. உள்ளே பிஸ்டனில் சிறு துளை உண்டு, அதனால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். வெளியே தள்ளும் விசை தண்டின் குறுக்குப் பரப்பின் மேல் மட்டும்தான். 8 மி.மீ. தண்டு என்றால் பரப்பு ஏறக்குறைய 50 சதுர மி.மீ. அப்படியானால் உள்ளே நைட்ரஜனின் அழுத்தம் சுமார் 60 பார். உங்கள் டயரில் 33 பிஎஸ்ஐ, அதாவது 2.3 பார். கிட்டத்தட்ட 26 மடங்கு!

அடுத்தது, எந்த அளவு வாங்குவது. 12 கிலோ பானட்டின் எடை, கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி நடுவில் இருப்பதாகவும், திறந்த நிலையில் ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலிலிருந்து 15 செ.மீ. விலகி இருப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 12-ஐ 45-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 36 கிலோ. இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு 18 கிலோ, அதாவது 180 நியூட்டன். மூடும்போது குழாய் கீலுக்கு நெருக்கமாகப் படுத்துவிடுவதால் அதே விசையால் பானட்டைத் தூக்க முடியாது. கூடுதலாக இருக்கட்டும் என்று 400 நியூட்டன் வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. மூடும்போதெல்லாம் அந்த விசை மெல்லிய தகட்டையும் கீலையும் முறுக்கும். உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த ஜோடியை வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய் சீலை ஈரமாக வைத்திருக்க வேண்டும், ஆகவே மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருப்பது நல்லது.

எத்தனை நல்ல சீலானாலும் வருடங்கள் போகப்போக நைட்ரஜன் கசியும். கம்பி வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், வாயு குறைந்தால் தெரியாது. வெப்பமும் சேர்ந்து ஏமாற்றும். 20 டிகிரியில் 300 நியூட்டன் தரும் குழாய், வெயிலில் 45 டிகிரிக்குச் சூடேறினால் 325 தரும், கொடைக்கானலில் 5 டிகிரி விடியலில் 285-தான் தரும். இங்கே ஒழுங்காக நிற்கும் பழைய ஸ்ட்ரட் அங்கே தலையில் இறங்கலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் ஹோண்டா, 2008, 2009 ஆண்டு ஒடிசி வேன்கள் 45,000-க்கும் மேல் திரும்ப அழைத்தது. பின்கதவு ஸ்ட்ரட்டில் வாயு கசிந்து கதவு திடீரென்று விழக்கூடும் என்பதே காரணம்.

நம் அடித்தளத்தில் காலையில் கார் துடைக்க வருபவரும், பேட்டரி இறங்கினால் ஜம்பர் மாட்ட வருபவரும் தலையை நீட்டுவது அந்தத் தகட்டின் கீழேதான். அதனால் ஸ்ட்ரட் மாட்டினாலும் பழைய கம்பியைக் கழற்றி எறியாதீர்கள், அது அதன் கொக்கியிலேயே இருக்கட்டும். பானட் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலோ, தண்டில் எண்ணெய் ஒட்டியிருந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பானட் கோணலாக இழுக்கும்.

‘ஹைட்ராலிக் கட்டில்’ என்று நாம் வாங்கிப் போட்டிருக்கும் கட்டிலிலும், மெத்தைப் பலகையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இதே வாயுக் குழாய்தான். அடியில் போர்வை எடுக்கக் குழந்தைகளை அனுப்புகிறவர்கள் ஒருமுறை பலகையைத் தூக்கிப் பாருங்கள்.

கழற்றிய பழைய குழாயை அறுக்கவோ துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது. பானட்டைத் தாங்க முடியாத அளவு தளர்ந்த குழாயிலும் டயரைவிடப் பல மடங்கு அழுத்தம் மிச்சம் இருக்கலாம். மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். காயலான் கடைக்குப் போட்டால், உள்ளே வாயு அடைபட்டிருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.