சூனர்: முந்திக்கொண்டவரின் பெயர்

ஆங்கிலத்தில் ‘சூன்’ என்றால் விரைவில். ‘சூனர்’ என்றால் அதற்கும் முன்னதாக. காலத்தைச் சுட்டும் இந்த எளிய சொல், 1889-ல் ஓக்லஹோமாவில் ஆளைச் சுட்டும் வசையாயிற்று. இன்று அந்த மாநிலத்தின் பட்டப்பெயரே ‘சூனர் மாநிலம்’தான்.

வசை பிறந்த மண்ணின் கதையை முதலில் சொல்ல வேண்டும். தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து சோக்டா, கிரீக், செரோக்கி, செமினோல் மக்களைத் துரத்திய அமெரிக்க அரசு, 1830-களில் தொடங்கி அவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. ‘இந்தியன் டெரிட்டரி’ என்றார்கள். ஓக்லஹோமா என்பதும் சோக்டா மொழிப் பெயர்தான்: ‘ஓக்லா’ மக்கள், ‘ஹும்மா’ சிவப்பு. 1866 ஒப்பந்தப் பேச்சின்போது அதை முன்மொழிந்தவர் சோக்டா தலைவர் ஆலன் ரைட். அதே ஆண்டில், உள்நாட்டுப் போரில் தென்தரப்போடு சேர்ந்ததைக் காரணம் காட்டி, கிரீக், செமினோல் மக்களின் நிலத்தில் பெரும்பகுதியை அரசு எழுதி வாங்கியது. வேறு பழங்குடியினரைக் குடியேற்றத்தான் என்று சொல்லப்பட்டது. அதில் எவருக்கும் தரப்படாமல் நடுவே எஞ்சியது சுமார் 19 லட்சம் ஏக்கர். அரசுத் தாள்களில் அது ‘ஒதுக்கப்படாத நிலம்’. ஒதுக்கப்படாததை உரிமையாளர் இல்லாததாக வாசிக்க வெள்ளைக் குடியேறிகளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நிலத்தைத் திறந்துவிடு என்று முழங்கியவர்களுக்குப் ‘பூமர்’ என்று பெயர். டேவிட் பெயின் தலைமையில் அத்துமீறி நுழைவார்கள், ராணுவம் வெளியேற்றும், மறுபடியும் நுழைவார்கள். கடைசியில் அரசே இறங்கிவந்தது. 1889 மார்ச்சில் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில், குறித்த நேரத்துக்கு முன் உள்ளே நுழைபவருக்கு அங்கே ஒருபோதும் நிலம் கிடையாது என்றொரு விதி இருந்தது. சூனர் என்ற குற்றவாளியை உண்டாக்கியது இந்த விதி.

குறித்த நேரம் ஏப்ரல் 22 நண்பகல். குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலுமாகச் சுமார் 50,000 பேர் பாய்ந்தார்கள். முதலில் முளை அடித்தவருக்கு 160 ஏக்கர். மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்கள், ஓடைக்கரைகளிலும் புதர்களிலும் முந்தைய நாளே பதுங்கியிருந்தவர்கள் நல்ல துண்டுகளைப் பிடித்துவிட்டதைக் கண்டார்கள். குதிரை நெடுந்தூரம் ஓடிவந்ததுபோல் காட்ட அதன்மேல் சோப்பு நுரையைப் பூசியவர்களைப் பற்றிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. வேலை நிமித்தம் அனுமதியோடு உள்ளே இருந்து, பன்னிரண்டு அடித்ததும் நிலம் பிடித்த காவல் அலுவலர்களுக்கு ‘சட்டபூர்வ சூனர்’ என்று தனிப்பெயரே விழுந்தது.

வழக்குகள் குவிந்தன. ரயில்பாதையில் வேலை செய்து அங்கேயே குடியிருந்த ஒருவர், நண்பகலில் பாதையோரத்தை விட்டு வெளியே வந்து கூடாரம் அடித்து நிலம் கோரினார். அவர் இருந்தது சட்டப்படிதான் என்றாலும் நேரத்துக்கு முன்பே உள்ளே இருந்தவர்தான் என்று கூறி, 1893-ல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. பெயினுக்குப் பின் பூமர்களை நடத்திய வில்லியம் கவுச் ஓக்லஹோமா நகரின் முதல் மேயரானார். நிலத் தகராறில் சுடப்பட்டு 1890 ஏப்ரலில் இறந்தார்.

இத்தனை கசப்பு ஒட்டிய சொல் இருபதே ஆண்டுகளில் வெளுத்துவிட்டது. 1907-ல் ஓக்லஹோமா மாநிலமானது. மறு ஆண்டே அதன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி ‘சூனர்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஏமாற்றுக்காரன் என்ற பொருள் உதிர்ந்து, துணிந்து முந்துபவன் என்ற பொருள் ஏறியது. அந்த அணியின் கூண்டு வண்டியை இழுக்கும் வெள்ளைக் குதிரைகளின் பெயர் பூமர், சூனர். மட்டக்குதிரைகளுக்கு அழகான பெயர்கள்தாம். ஆனாலும் எனக்கு அந்தப் பெருமிதம் உறுத்துகிறது. சில மணி நேரம் முந்தியவரைத் தண்டித்த சட்டம், தலைமுறை தலைமுறையாக முந்தியிருந்தவர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. சூனர் என்ற சொல்லின் நீண்ட சண்டை முழுவதும், பிறரிடமிருந்து வாங்கியதைத் தங்களுக்குள் யார் நேர்மையாகப் பிடித்தார்கள் என்பதைப் பற்றியது மட்டுமே.

பள்ளிப் பிள்ளைகள் தள்ளுவண்டிகளோடு மைதானத்தில் ஓடி, முளை நட்டு நிலம் பிடிக்கும் விளையாட்டு அங்கே பல ஆண்டுகளாக நடந்தது. பழங்குடியினர் தொடர்ந்து எதிர்த்ததால் ஓக்லஹோமா நகரப் பொதுப்பள்ளிகள் 2014-ல் அதை நிறுத்திக்கொண்டன. அணியின் பெயர் மாறவில்லை.